ஒற்றை மைனா உட்கார்ந்த திரை

சிவப்பைப் பார்த்தால் மனிதர்கள் நின்றுவிடுவார்கள் என்று நான் நம்பியிருந்தேன். கொல்கத்தாவில் பிறந்து, கொல்கத்தாவில் படித்து, கொல்கத்தாவிலேயே ஐம்பது வயதையும் தாண்டிவிட்ட ஒருத்திக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. அப்போது என் வேலையே கை நழுவிப் போய்விடும் போலிருந்தது.

ஜாதவ்பூரில் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் அலுவலகம். குழந்தைகளுக்கான அறிவியல் மாத இதழ் ஒன்றை வங்காள மொழியில் நடத்துகிறோம். நான் கணக்கு எழுதத்தான் அங்கே சேர்ந்தேன். முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது எல்லோரும் சற்றுத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மட்டும் தொட்டுப் பார்க்கிற ஆசை அடங்கவில்லை. தொட்டவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். நாளடைவில் கணக்கு அலுத்தது, கம்ப்யூட்டர்கள் ஒட்டிக்கொண்டன. அவற்றுக்கு எந்த நோவு வந்தாலும் நான்தான் வைத்தியம். படித்துத் தெரிந்துகொண்டது இல்லை, தட்டித் தட்டிப் பழகியது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று பொய் சொல்லப் போவதில்லை.

இதழின் ஆசிரியர், முதலாளி எல்லாம் ஒருவரே. அவரை நாங்கள் தாதா என்று கூப்பிடுவோம், வங்காளத்தில் அண்ணனை அழைக்கிற மாதிரி. தமிழ் சினிமா பார்த்தே வளர்ந்த என் கணவருக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே குஷி. "இன்னிக்கு உங்க தாதா யாரை மிரட்டினார்?" என்று தினமும் கேட்பார். எங்கள் தாதா ஓர் ஈயைக்கூட மிரட்டத் தெரியாதவர். வெள்ளை ஜிப்பா, தடித்த கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. மூடநம்பிக்கை மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. ராசிக்கல், தாயத்து, நல்ல நேரம் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், தேநீர் ஆறிப்போகிற வரைக்கும் பிரசங்கம் நடக்கும்.

அவரைத் தவிர முக்கியமானவர்கள் இரண்டு பேர். மெய்ப்புத் திருத்துகிற தீதி, என்னைவிட மூத்தவர். ஓர் எழுத்துப்பிழையைக் கண்டால் திருடனைப் பிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரியும். பக்கங்களை வடிவமைத்து, படங்களும் வரைகிற இளைஞன் இன்னொருவன். அவன் தீதியைத் தீதி என்பான், என்னை மாஷி என்பான். தீதி என்றால் அக்கா, மாஷி என்றால் சித்தி. தீதியைவிட நான் சின்னவள் என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். சிரித்துக்கொண்டே "சரி மாஷி" என்பான். எங்கள் பேச்செல்லாம் வங்காள மொழியில்தான் நடக்கும். இங்கே தமிழில் சொல்கிறேன்.

இனிமேல்தான் சங்கடம். எங்களிடம் ஒரு பழைய வங்காள எழுத்து மென்பொருள் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்ப் பல காலம் ஆகிறது. ஆனால் இதழின் அழகான எழுத்துருக்கள் அத்தனையும் அதில்தான் இருக்கின்றன. அந்தக் கிழட்டு மென்பொருளுக்கு ஒரு பிடிவாதம்: கம்ப்யூட்டரின் அட்மின் கணக்கில் நுழைந்தால்தான் திறக்கும். சாதாரணக் கணக்கில் எத்தனை தட்டினாலும் அசையாது. ஆகவே தட்டச்சு செய்கிற எல்லோருக்கும் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்தே தீர வேண்டியிருந்தது.

அட்மின் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணக் கணக்கில் இருக்கும்போது ஏதாவது முக்கியமானதை அழிக்கப் போனால், "உனக்கு அனுமதி இல்லை" என்று கம்ப்யூட்டர் கையைத் தட்டிவிடும். அட்மினாக நுழைந்தவரை அது எதற்கும் தடுக்காது. "நிச்சயமாகவா?" என்று ஒரு பெட்டி எழுப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்த மனிதரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை. எல்லோருக்கும் "ஆம்" இருக்கிற இடம் மட்டும் தெரியும். ஆகவே வேலை முடிந்ததும் சாதாரணக் கணக்குக்குத் திரும்பிவிடுங்கள் என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வேன். யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

போன வருஷத்து விஸ்வகர்மா பூஜையில் அது வெடித்தது. நம் ஆயுத பூஜை மாதிரி கருவிகளுக்குச் செய்கிற பூஜை அது. துர்கா பூஜைக்கு முன்னாலேயே வந்துவிடும். அன்று ரிக்ஷாக்காரர் ரிக்ஷாவைக் கழுவுவார், அச்சகத்தில் இயந்திரத்தைத் துடைத்து மாலை போடுவார்கள். தீதியும் பக்தியோடு தன் கம்ப்யூட்டரைத் துடைத்தார். வெளியே துடைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. உள்ளே போய், தனக்குப் புரியாத பெயர் உள்ள கோப்புகள் எல்லாம் குப்பை என்று முடிவு செய்து, அட்மினாக இருந்தபடியே ஒவ்வொன்றாகப் பெருக்கித் தள்ளினார். பெருக்கியதில் எழுத்துருக்களும் போயின. மறுநாள் இதழைத் திறந்தால் வங்காளக் கூட்டெழுத்துகள் இருந்த இடத்தில் எல்லாம் வெறும் கட்டம் கட்டமாக நின்றது.

"சுத்தமாத்தானே வெச்சேன்?" என்றார் தீதி, கண் கலங்கியபடி.

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. என் கோபம் பிரசித்தமானது, ஆனாலும் முடியவில்லை. எல்லாவற்றையும் மீட்டு எடுப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. தாதா தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். நியூ டவுனில் ஒரு கம்பெனி இருக்கிறதாம். அங்கே உட்கார்ந்துகொண்டே எல்லா அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்வார்களாம். "உங்களுக்கும் பாரம் குறையும், நீங்க கணக்கை மட்டும் பாத்துக்கலாம்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு? மறுபடி நாள் முழுக்கக் கணக்கு! என் கம்ப்யூட்டர்களை எவனோ ஒருவன் தூரத்திலிருந்து தொடுவான்! "கொஞ்ச காலம் கொடுங்க தாதா, நான் சரி பண்ணிக் காட்டறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டில் என் கணவரிடம் புலம்பினேன். அவர் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையும் மாலையும் ஏரிக்கரையில் நடப்பதைத் தவிர வேறு கவலை இல்லாதவர்.

"இதுக்குப் போய் யாராவது கலங்குவாளா? வேலையை விட்டுட்டா ஆத்துல நிம்மதியா இருக்கலாமே" என்றார்.

"ஆத்துல உங்களோட உக்காந்துண்டு நிம்மதியா? நன்னாருக்கு!" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் யோசனையும் அவர்தான் சொன்னார். "அபாயம்னு தெரியற மாதிரி சிவப்பா ஏதாவது பண்ணேன். ரயிலே நிக்கறது சிவப்பைப் பாத்தா."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்து, எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் அட்மின் கணக்கை மட்டும் சிவப்பாக்கினேன். வெள்ளைப் பின்னணி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் சுற்றிலும் கெட்டியாகச் சிவப்பு ஓரம், மேல் பட்டையும் சிவப்பு. சாதாரணக் கணக்கில் ஒரு சாந்தமான சாம்பல் நிறம். எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. திங்கட்கிழமை எல்லோரும் பயப்படப் போவதைப் பார்ப்பதற்காகச் சீக்கிரமே போய் உட்கார்ந்தேன்.

தீதி வந்தார். அட்மினில் நுழைந்தார். இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"அடடா, என்ன அழகு! அஷ்டமிக்குக் கட்டற புடவை மாதிரியே இருக்கே!"

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். வெள்ளைப் புடவை, சிவப்புக் கரை. துர்கா பூஜையில் புஷ்பாஞ்சலி செய்ய வரிசையில் நிற்கிற அத்தனை பெண்களும் கட்டியிருப்பது அதைத்தான். நெற்றியில் சிவப்பு, வகிட்டில் சிவப்பு, பாதத்தில் சிவப்பு, கல்யாணப் பெண் உடம்பெல்லாம் சிவப்பு. இந்த ஊரில் சிவப்பு என்றால் வா, உட்கார், சாப்பிடு என்று அர்த்தம். போதாததற்குக் கம்யூனிஸ்டுகளின் சிவப்புச் சுவரெழுத்தைப் படித்தே வளர்ந்த தாதா எட்டிப் பார்த்துவிட்டு, "பேஷ், நல்ல நிறம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வடிவமைப்பு இளைஞனோ சாம்பல் நிறத்தில் வேலை செய்தால் தூக்கம் வருகிறது என்றான்.

விளைவு என்ன? முன்பாவது மறதியால் அட்மினில் இருந்தார்கள். இப்போது ஆசைப்பட்டு இருந்தார்கள். காலையில் நுழைந்தால் மாலைவரை அந்தச் சிவப்புக் கரைக்குள்ளேயே குடித்தனம். வங்காளப் புத்தாண்டு சமயத்தில் தீதி அங்கே உட்கார்ந்தபடி பிரிண்டர்களின் பெயர் வரிசையைப் பார்த்திருக்கிறார். நம்மிடம் இருப்பது ஒரு பிரிண்டர்தானே, இத்தனை பெயர் எதற்கு என்று எல்லாவற்றையும் நீக்கி, கேட்பதற்கு இனிமையாக இருந்த ஒரு பெயரை மட்டும் விட்டு வைத்தார். அது என்றைக்கோ செத்துப்போன பிரிண்டரின் பெயர். அந்த மாத இதழ் தாமதமாகத்தான் கடைக்குப் போயிற்று.

தாதா இந்த முறை என்னை "மேடம்" என்று கூப்பிட்டார். அவருக்கு அதிகபட்சக் கோபம் அதுதான்.

"மேடம், நியூ டவுன்காரங்களை வரச் சொல்லிட்டேன். விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் ஒப்பந்தத்தோட வருவாங்க. அதுக்குள்ள இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா கையெழுத்துப் போட்டுடுவேன். ஆகலைன்னா அவங்களைத் தேநீர் கொடுத்து அனுப்பிடறேன். சரிதானே?"

சரிதான் என்று சொல்வதைத் தவிர வேறு என்ன சொல்ல? வெளியே வந்து கழிவறையில் கொஞ்சம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, சிவப்பை எல்லாம் நீக்கினேன். தீதி ஏமாற்றத்தோடு பார்த்தார்.

மஞ்சள் போட்டுப் பார்த்தேன். யாரும் கவனிக்கவே இல்லை. கறுப்பு போட்டேன், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார்கள். மண்டை ஓட்டுப் படம் போட்டேன். அதற்கு இளைஞன் மீசை வரைந்துவிட்டான். என்னதான் செய்தால் இவர்கள் நிற்பார்கள் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் காலையில் தீதி முகம் வாடிப்போய் அலுவலகத்துக்குள் வந்தார். பையை வைத்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. நேராகப் பின்பக்க ஜன்னலுக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு தீதி?"

"வர்ற வழியில ஒத்தை ஷாலிக்கைப் பாத்துட்டேன்."

ஷாலிக் என்றால் மைனா. வங்காளிகளுக்கு ஜோடி மைனாவைப் பார்த்தால் நாள் நன்றாகப் போகும். கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக ஒரு கும்பிடு போடுவார்கள். ஒற்றை மைனாவைப் பார்த்துவிட்டாலோ அவ்வளவுதான், அதன் ஜோடி கண்ணில் படுகிறவரை மனசு ஆறாது. பள்ளிக்கூடத்தில் என் தோழிகள் பரீட்சை நாளில் மரத்தடியில் நின்று இரண்டாவது மைனாவைத் தேடுவார்கள். நான் மட்டும் ஒரு வேலையும் இல்லாமல் பக்கத்தில் நிற்பேன். எங்கள் வீட்டில் பயப்படுவதற்குப் பல்லி இருந்தது. மைனாவுக்கு எங்களிடம் இலாகா கிடையாது.

இளைஞனும் காதில் இருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்குப் போனான். அறிவியல் இதழின் மெய்ப்பாளரும் வடிவமைப்பாளரும் கழுத்தை நீட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டின் பின்சுவரில் மைனா தேடினார்கள். வந்து உட்கார்ந்த ஒன்றைப் பார்த்து "இது அதோட ஜோடியா இருக்குமா?" என்று ஒரு விவாதமும் நடந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி இருவரின் முதுகையும் பார்த்தேன். சிவப்பு நிறுத்தாதவர்களை, மண்டை ஓடு நிறுத்தாதவர்களை, ஒரு பிடி அளவு பறவை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறதே என்று தோன்றியது. எழுந்து குதிக்கலாம் போலிருந்தது.

இளைஞனைத் தனியாகக் கூப்பிட்டு, மைனா ஒன்று வரைந்து கொடு என்றேன். பேனாவை எடுத்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு."

"மாஷி, என் கையால ஒத்தை ஷாலிக் எப்படி வரைவேன்? ரெண்டா வரைஞ்சு தர்றேன். ஒண்ணை நீங்களே அழிச்சுக்கோங்க."

அப்படியே செய்தான். மஞ்சள் அலகும், கண்ணோரம் மஞ்சள் திட்டும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்த பார்வையுமாக, இரண்டு மைனாக்கள் ஒரு மின்கம்பியில். அந்த ஜோடியைச் சாதாரணக் கணக்கில் வைத்தேன். பிறகு ஒன்றை அழித்துவிட்டு, மிஞ்சியதை அட்மின் கணக்கில் உட்கார வைத்தேன். தாதாவுக்கு ஜோடியை மட்டும் காட்டினேன். குழந்தைகள் இதழ், பறவை இருந்தால் நல்லதுதானே என்றேன். அவர் மகிழ்ந்துபோய் மைனாவின் உணவுப் பழக்கங்களைப் பற்றி எனக்கு ஒரு பாடமே எடுத்தார்.

தீதி முதல் முறை அட்மினில் நுழைந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். திரை விரிந்தது. தீதியின் கை மவுஸிலிருந்து தானாக விலகியது.

"இன்னொண்ணு எங்கே?"

"அது சாதாரணக் கணக்குல இருக்கு தீதி."

"இதென்ன வேண்டாத வேலை!" என்று என்னைத் திட்டினார். ஆனால் எழுத்து வேலையை மளமளவென்று முடித்தார், ஒரு நொடிகூட அதிகம் தங்காமல் வெளியேறினார், ஜோடி மைனா வந்ததும் நெற்றியைத் தொட்டு ஒரு கும்பிடு போட்டார். அன்றிலிருந்து அதுவே அலுவலக வழக்கமாகிவிட்டது. அட்மினில் ஏதாவது பெட்டி வந்து "நிச்சயமாகவா?" என்று கேட்டால், பின்னாலிருந்து அந்த ஒற்றை மைனா முறைப்பதைப் பார்த்துவிட்டு, "மாஷி, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். என் வாழ்க்கையில் அந்த மழைக்காலம் போல நிம்மதியான மழைக்காலம் இருந்ததில்லை. சந்தில் முழங்கால் தண்ணீர் நின்றபோதுகூட நான் பாடிக்கொண்டுதான் போனேன்.

துர்கா பூஜைச் சிறப்பிதழ் வேலை மும்முரமானது. வருஷத்தில் எங்கள் பெரிய இதழ் அது. அதற்குத் தாதா ஒரு நீண்ட கட்டுரை எழுதுவார். இந்த முறை தலைப்பு மூடநம்பிக்கை. தும்மல், குறுக்கே போகும் பூனை எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, ஒற்றை ஷாலிக்குக்கு மட்டும் ஒரு பத்தி முழுதாக ஒதுக்கியிருந்தார். படித்தவர்கள்கூட ஒரு பறவையைப் பார்த்து நடுத்தெருவில் நின்றுவிடுகிறார்களே, இவர்களை என்ன சொல்ல என்று கேட்டிருந்தார். தீதி அந்தப் பத்தியை உதட்டை இறுக்கிக்கொண்டு திருத்தினார். ஒரு பிழையும் கிடைக்காதது அவருக்கு வருத்தம்.

விஸ்வகர்மா பூஜை வந்தது. தாதா அன்று வருவார். இது மதம் இல்லை, உழைப்பாளிகளின் பண்பாடு என்பது அவர் கட்சி. கிச்சடி பிரமாதமாக இருக்கும் என்பதும் ஒரு காரணம். கம்ப்யூட்டர்களைத் துடைத்தோம், பொட்டு வைத்தோம், மாலை போட்டோம். புரோகிதர் மந்திரம் சொல்லிக் கங்கை ஜலத்தைத் தாராளமாகத் தெளித்தார். நான் எல்லாத் திரைகளையும் துணி போட்டு மூடியிருந்தேன். இதழின் நகல் முழுவதையும் சேமித்து வைத்திருந்த வெளி டிஸ்க்கை மட்டும் மறந்துவிட்டேன். தீதி அதற்கும் பூஜை நடக்கட்டும் என்று விக்கிரகத்தின் காலடியில் வைத்திருந்தார். நான் பார்த்தபோது அது நன்றாகவே குளித்திருந்தது.

பதறிப்போய் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். மாடியில் ஊரே இருந்தது. அன்று கொல்கத்தா வானத்தில் பட்டத்துக்கு மட்டும்தான் இடம்; ஒன்று அறுபட்டால் பக்கத்து மாடிகளிலிருந்தெல்லாம் "போ காட்டா!" என்று கூச்சல். அந்தக் களேபரத்துக்கு நடுவே வெயிலில் முந்தானையால் டிஸ்க்கைத் துடைத்துத் துடைத்து நின்றேன். இது பிழைக்குமா என்று தெரியவில்லை. கீழே கம்ப்யூட்டரில் இருப்பதுதான் இப்போதைக்கு இதழின் ஒரே பிரதி என்ற நினைப்பு வந்ததும் மனசு கேட்காமல் இறங்கி வந்தேன்.

அலுவலகத்தில் தாதாவைத் தவிர யாரும் இல்லை. மற்றவர்கள் முன்வாசலில் கிச்சடி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். இளைஞனின் கம்ப்யூட்டர் துணி விலக்கப்பட்டுத் திறந்திருந்தது. தாதா பின்பக்க ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார்.

நான் முதலில் திரையைப் பார்த்தேன். அட்மின் கணக்கு. நடுவில் ஒரு பெட்டி: தேர்ந்தெடுத்த அனைத்தையும் நிரந்தரமாக அழிக்கவா, நிச்சயமாகவா? மவுஸின் அம்பு "ஆம்" மேல் நின்றது. தேர்ந்தெடுத்திருந்தது பூஜைச் சிறப்பிதழ் ஃபோல்டர், முழுசாக. கதைகள், படங்கள், புதிர்கள், தாதாவின் கட்டுரை, எல்லாம். பெட்டிக்குப் பின்னால், தலையைச் சாய்த்தபடி, ஒற்றை மைனா.

"வேண்டாம்" என்பதை அழுத்திவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"தாதா, அங்க என்ன பாக்கறீங்க?"

அவர் திடுக்கிட்டுத் தலையை உள்ளே இழுத்தார். ஜன்னல் சட்டத்தில் தலை இடித்தது.

"பட்டம். பட்டம் பாத்துக்கிட்டிருந்தேன்."

அந்த ஜன்னலிலிருந்து பட்டம் தெரியாது. அதற்கு நேர் எதிரே பக்கத்து வீட்டின் பின்சுவர்தான் உண்டு. அந்தச் சுவரின் விளிம்பில் மைனாக்கள் வந்து உட்காரும், அவ்வளவுதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவ்வளவு வாயாடியான நான் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தது எப்படி என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

"எல்லாரும் சுத்தம் பண்றாங்களே, நானும் போன வருஷத்து இதழை எடுத்துடலாம்னு உக்காந்தேன்" என்றார். "டிஸ்க்ல இடம் இல்லைன்னு அந்தப் பையன் சொல்லிக்கிட்டே இருந்தான். சாதாரணக் கணக்குல அழிக்க அனுமதி இல்லைன்னுது, அதான் அட்மின்ல நுழைஞ்சேன்."

"இது போன வருஷத்து இதழ் இல்லை தாதா. இந்த வருஷத்துது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஃபோல்டரைப் பார்த்தார். தன் கட்டுரையின் பெயரைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி" என்றார். நான் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு மைனாவைச் சுட்டிக்காட்டினார்.

"அது ஏன் தனியா இருக்கு?" என்று கேட்டார்.

"அட்மின் கணக்குல தனியாத்தான் இருக்கும்."

"ஓ" என்றார். சாயங்காலம் இளைஞனைக் கூப்பிட்டு, கட்டுரையில் இடம் போதவில்லை, ஷாலிக் பற்றிய பத்தியை மட்டும் எடுத்துவிடு என்று சொன்னாராம். அந்தப் பக்கத்தில் இடம் தாராளமாக இருந்தது. அதைக் கேட்டதிலிருந்து வீட்டுக்குப் போகிறவரை தீதி சிரித்த முகமாகவே இருந்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. ஏதாவது ஆனால் கையெழுத்து, ஆகாவிட்டால் தேநீர் என்பதுதானே பேச்சு? இது ஆனதா, ஆகவில்லையா? ஆகவிருந்தது, அதுவும் தாதா கையாலேயே. முதலாளிக்கே இந்தக் கதி என்றால் நியூ டவுன்காரர்களிடம் கொடுத்துவிடுவது உத்தமம் என்று அவருக்குத் தோன்றலாம் அல்லவா? வெளி டிஸ்க் பிழைத்துவிட்டது. அதுகூட எனக்கு ஆறுதலாக இல்லை. அன்று வீட்டில் ரசத்தில் உப்புப் போட மறந்தேன். என் கணவர் மூச்சு விடாமல் சாப்பிட்டு எழுந்தார். அவருக்கும் நிலைமை புரிந்திருந்தது.

மறுநாள் நியூ டவுனிலிருந்து ஆள் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. தாதா என்னையும் அறைக்குள் உட்காரச் சொன்னார். வந்தவர் மடிக்கணினியைத் திறந்து தங்கள் பாதுகாப்பு ஏற்பாட்டைக் காட்டினார். அட்மினாக எதைச் செய்தாலும் திரை முழுதும் மங்கலாகும், நடுவில் மஞ்சளாக ஒரு பெட்டி வரும், "இதை அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்கும். நேர்த்தியான வேலை, குறை சொல்ல முடியாது. ஒப்பந்தத் தாள் மேஜையில் இருந்தது. அதன் மேல் பேனாவும் இருந்தது. நான் அந்தப் பேனாவைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

"பெட்டி வந்ததும் ஜனங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார் தாதா.

"படிச்சுப் பாத்துட்டு ஆம்னு அழுத்துவாங்க, சார்."

"படிச்சுப் பாப்பாங்களா?"

வந்தவர் நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டுப் புன்னகைத்தார். "அழுத்துவாங்க, சார்."

தாதா தாடையைத் தடவிக்கொண்டார். "இதுல பறவை இருக்கா?"

"பறவையா சார்?"

"ஷாலிக். ஒண்ணே ஒண்ணு."

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். அவரும் வங்காளிதான், ஒரு நிமிஷம் போனதும் அவர் முகத்தில் மெல்ல ஏதோ புரிவது தெரிந்தது. "இல்லை சார்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க ஆபீஸ்லயே அது இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

"அப்போ தேநீர் குடிச்சுட்டுப் போங்க" என்றார் தாதா. பேனாவை எடுத்து ஜிப்பாப் பையில் செருகிக்கொண்டார்.

தேநீரை நானே போட்டுக் கொண்டுவந்தேன், எல்லோருக்கும் இஞ்சி தட்டிப் போட்டு.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவுக்காகத் தெருமுனையில் நின்றேன். வானத்தில் மிச்சப் பட்டங்கள் இரண்டு மூன்று அலைந்துகொண்டிருந்தன. எதிரே மின்கம்பியில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. தனியாக. எங்கள் திரையில் இருப்பது போலவே தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் நான் எத்தனை ஆயிரம் மைனாக்களைக் கடந்து போயிருப்பேன். ஆட்டோ வந்து நின்றது. ஓர் இடம் காலியாக இருந்தது. ஓட்டுநர் "லேக் கார்டன்ஸ், லேக் கார்டன்ஸ்" என்று கூவினார், என்னைப் பார்த்துக் கையாட்டவும் செய்தார். என் கால் எழும்பவில்லை. "நீங்க போங்க" என்றேன். அவர் திட்டிக்கொண்டே போனார். அடுத்ததும் வந்து போயிற்று. நான் கம்பியைப் பார்த்தபடியே நின்றேன், தெருவிளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் இன்னொன்று எங்கிருந்தோ பறந்து வந்து அதன் பக்கத்தில் உட்காருகிறவரை. என் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

வீட்டில் என் கணவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு? கையெழுத்துப் போட்டுட்டாரா? ஏன் இவ்வளவு நேரம்?"

"போடலை. எல்லாம் என்கிட்டயேதான் இருக்கு" என்றேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்: "வழியில பட்டம் பாத்துண்டு நின்னுட்டேன்."